தெருவே தள்ளிய லோரி

ஜப்பான்காரன் காலம் என்றால் எல்லோரும் வீரத்தைப் பேசுகிறார்கள். எங்கள் காஜா பேராங் வட்டாரத்தில் நான் எந்த வீரத்தையும் பார்க்கவில்லை. பயம்தான் இருந்தது. என்னிடம் ஒரு லோரியும் இருந்தது.

ஜப்பான் சண்டைக்கு முன்னால் ஒரு சீன முதலாளியிடம், தவுக்கேயிடம், வாங்கிய பழைய லோரி. அதை வாடகைக்கு விட்டுப் பிழைத்தோம். கல், பலகை, கல்யாணச் சாமான், எதுவானாலும் ஏற்றுவோம். தம்பிதான் ஓட்டுவான். காலையில் அது தானாகக் கிளம்பிய நாளே இல்லை. பேட்டரி லட்சணம் அப்படி. கைப்பிடியைச் சுழற்றிக் கை ஒடிவதைவிடத் தள்ளுவது சுலபம். தம்பி ஏறி உட்கார்ந்தாலே எதிர்வீட்டுப் பால்காரரும் செட்டி வீட்டுப் பையன்களும் தள்ள வந்துவிடுவார்கள். யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. எஞ்சின் பிடித்ததும் ஒரு கூச்சல் போட்டுவிட்டு அவரவர் வேலைக்குப் போவார்கள்.

ஜப்பான்காரன் வந்ததும் லோரிகளைப் பிடுங்கினான். கூடவே டிரைவரையும் கொண்டுபோனான். பக்கத்துச் செங் ஊரிலிருந்து அப்படிப் போனவர்கள் திரும்பவில்லை. எதையாவது கழற்றி ஒளித்தால் அடித்தே கொல்வான். அதனால் எஞ்சினைத் தொடவில்லை. முன்னால் செருகிச் சுழற்றிக் கிளப்பும் இரும்புக் கைப்பிடியை மட்டும் கிணற்றில் போட்டோம். செத்த வண்டி என்று விட்டுப்போவான், தம்பி தப்பிப்பான் என்று நினைத்தோம். யாரிடமும் சொல்லவில்லை. எவன் காட்டிக்கொடுப்பான் என்று தெரியாத காலம்.

வந்தார்கள். பெட்ரோலும் கொண்டுவந்து ஊற்றினார்கள். தம்பியை ஏற்றிக் கிளப்பச் சொன்னார்கள். ஒரு முனகல், அவ்வளவுதான். "ரோசாக், கெட்டுப்போச்சு" என்று கையை விரித்தேன். கன்னத்தில் அறை விழுந்தது. விழட்டும். தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிப்பாய் வண்டி உதவாது என்று இறங்கத்தான் கதவைத் திறந்தான்.

நான் அறை வாங்கியதைப் பால்காரர் பார்த்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"அடிக்காதீங்க துவான்! தள்ளினா ஓடும்!" என்று தள்ளிக் காட்டினார். பையன்கள் "தோலாக்! தள்ளு, தோலாக்!" என்று வந்து தோள் கொடுத்தார்கள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். எவனும் என் மூஞ்சியைப் பார்க்கவில்லை.

லோரி உருண்டது. தம்பி கிளட்சை மிதித்தபடியே இருந்தான். எஞ்சின் பிடிக்காமல் சும்மா போனது.

"டேய், தூங்குறியா? கிளட்சை விடுடா!" பால்காரர் பக்கத்திலேயே ஓடினார். "கல்யாணம் ஆகப்போற பயலுக்குக் காலு எங்க இருக்குன்னே தெரியல!"

பையன்கள் சிரித்தார்கள். அவர் கையை உள்ளே விட்டுத் தம்பியின் காலைக் காட்டினார். சிப்பாய் குனிந்து பார்த்தான். துப்பாக்கிக் கட்டையால் முழங்காலில் இடித்தான். கால் எழும்பியது. எஞ்சின் பிடித்துக்கொண்டது.

தெரு கூச்சல் போட்டது. லோரி போய்விட்டது. மற்ற சிப்பாய்கள் போகும்வரை நான் குனிந்து வணக்கம் வைத்துக்கொண்டு நின்றேன்.

"நம்ம தெரு தள்ளி ஓடாத வண்டியா?" என்று பால்காரர் மூச்சு வாங்க முதுகில் தட்டினார். விஷயத்தைச் சொன்னேன். ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அந்த ஆளின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. என்ன சொல்லி நெரிப்பது? என்னைக் காப்பாற்றத்தான் வந்தார்.

தம்பி சண்டை முடிந்தும் வரவில்லை. ஜப்பான்காரன் இருந்த அந்த வருஷங்களில் பால்காரர் தினமும் எங்கள் வாசலில் ஒரு போத்தல் பால் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் போவார். கொட்டிவிடத்தான் எடுப்பேன். வீட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தவிர ஒன்றும் இருக்காது. காய்ச்சி அம்மாவுக்குக் கொடுப்பேன்.