பிரியாணிக்குக் காவல்

பழைய ஜீப் ஒன்றை வாங்கியதிலிருந்து மாமாவுக்குத் தார்ச்சாலை என்றாலே இளக்காரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்த கையோடு எங்களை ஏற்றிக்கொண்டு, பொம்மிடி தாண்டி மலையடிவாரக் காட்டுப்பாதையில் வண்டியை விட்டார். அப்பா முன்னால். பின்னால் இடப்பக்க இருக்கையில் நானும் தம்பியும், எதிரே வலப்பக்கம் அம்மா, அவள் காலடியில் பிரியாணி அண்டா.

மழையில் பாதை குழைந்து கிடந்தது. வலப்பக்கம் மேடு, இடப்பக்கம் ஓடைப் பள்ளம். அப்பா இறங்கி முன்னால் நடந்து வழி பார்த்தார். அவர் கையை உயர்த்தி நிறுத்தச் சொல்வதற்குள் இடப்பக்க ஓரம் சரிந்துவிட்டது. ஜீப் சாய்ந்து, பின்சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. கீழே பாறைகள் தெரிந்தன.

கைப்பிரேக் வேலை செய்யாது. அதைச் சரிசெய்ய மாமாவுக்கு நேரம் வாய்த்திருக்கவில்லை. பிரேக்கை மிதித்த காலை எடுக்காமல் உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். அப்பா எங்கள் இருவரையும் மேட்டுப்பக்கமாகத் தூக்கி இறக்கிவிட்டு, அம்மாவுக்குக் கை நீட்டினார். அம்மா மாமாவின் பிடரியை ஒருமுறை பார்த்தாள்.

"நான் எறங்குனா பிரியாணி கவுந்துக்குங்க. நீங்க புள்ளைங்கள அந்தாண்ட வுட்டுட்டு யாரையாச்சும் கூட்டியாங்க."

எங்களை ஒரு புங்கமரத்தடியில் நிறுத்திவிட்டு அப்பா ஓடினார். அம்மா அண்டாவை இழுத்து அணைத்துக்கொண்டு மேட்டுப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். ஜீப் ஒருமுறை முனகி ஆடியது. "அதை வுட்டுட்டு வாம்மா" என்று கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சோற்றுப் பாத்திரத்துக்காக எங்களை விட்டுவிட்டாளே என்று பயத்தோடு கோபமும் வந்தது.

ஒருவழியாக டிராக்டர் வந்து சங்கிலி போட்டு இழுத்தது. பிறகு அதே மரத்தடியில் சாப்பிட்டோம். அம்மா பசியில்லை என்றாள். அவள் பங்குக் கறியும் எனக்கே வந்தது.

பிரியாணிக்காக உயிரை விடப் பார்த்த அம்மாவின் கதையை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நடித்துக் காட்டுவேன். வீடே சிரிக்கும், அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். நானே கார் ஓட்டப் பழகி, ஒரு மேட்டில் பிரேக்கை மிதித்தபடி வியர்த்து நின்ற அன்றுதான் உறைத்தது. மாமாவால் பிரேக்கிலிருந்து காலை எடுத்து இறங்கியிருக்க முடியாது; பின்னால் மேட்டுப்பக்கம் அழுத்திப் பிடிக்க அன்று அம்மாவின் கனம்தான் இருந்தது. அவள் இறங்கியிருந்தால், அவளுடைய கூடப்பிறந்தவனோடு ஜீப் பள்ளத்துக்குப் போயிருக்கும்.

நான் அந்தக் கதையைத் தொடங்கினாலே மாமா எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். ஜீப்பைக் கேலி செய்வதால் வரும் ரோஷம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.