யாரும் சாகாத அன்னிக்கு அடிச்ச சாவு மணி

தூங்கிக்கினு இருந்த என் புருஷன் வாய்கிட்ட மூக்கை வச்சி மோந்து பார்த்தேன். சாராய வாடை வரணும்னு வேண்டிக்கினேன். ஒரு விசுவாசி வேண்டுற வேண்டுதலா இதுன்னு கேப்பீங்க. வாடை வந்தா திட்டலாம், துடப்பத்தை எடுக்கலாம். அதுக்கெல்லாம் எனக்குத் தெம்பு கீது. வாடை வரல. இன்னொரு வாட்டி மோந்து பார்த்தேன், அப்பவும் வரல.

என் பேரு ரூபி. நம்ம சபையில மணி அடிக்கிறாரே ஆசீர்வாதம், அவரோட பொண்டாட்டி. உத்திரமேரூர்லேருந்தும் வாலாஜாபாத்லேருந்தும் வந்த ஜனங்க கீறீங்க, அதனால என் சாட்சியை முதல்லேருந்து சொல்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாயாலயே கர்த்தர் செஞ்சதைச் சொல்லிடுறேன்.

எங்க வூட்டுக்காரருக்கு வயசு எழுபதைத் தாண்டிடுச்சி. ஏர் ஓட்டி, நெல்லு மூட்டை தூக்கின உடம்பு. ஒரு காலத்துல நல்லா குடிச்சவர். ஆண்டவரை ஏத்துக்கினதுலேருந்து ஒரு சொட்டு தொட்டதில்ல. அப்பலேருந்து மணிக்கயிறு அவர் கையிலதான். ஞாயித்துக்கிழமை ஜனங்களைக் கூப்பிடுற முதல் மணி, ஆராதனை ஆரம்பிக்கிற ரெண்டாம் மணி, கல்யாண மணி, சாவு மணி எல்லாம் அவர்தான். கூலி வேலை செய்ய முடியாம நின்னப்பகூட அவர் வருத்தப்படல. கயிறுதான் கையில கீதேன்னு இருந்துட்டார்.

போன வருஷம் கார்த்திகை மாசம். தலை வலிக்குதுன்னு தைலம் தேய்க்க ஆரம்பிச்சார். அப்புறம் நடை ஒரு பக்கமா இழுத்துச்சி. சோத்தை அள்ளினா பாதி தட்டுலயே வுழும். பேசினா நாக்கு குழறும். பகல்லயே தூங்குவார். ஒரு நாள் லுங்கியை உள்பக்கம் வெளியே தெரியக் கட்டிக்கினு டீக்கடைக்குப் போயிட்டார். கடைக்காரர் சிரிச்சிக்கினே, "இன்னா ஆசீர்வாதம், பழைய சிநேகிதம் திரும்பி வந்துடுச்சா?"ன்னு கேட்டாராம்.

அது போதாதா ஊருக்கு? குடிகாரன்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. பேசினவங்க சில பேர் இங்கயே உக்காந்திருக்கீங்க. பேரு சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. ஒரகடத்துல கம்பெனி வேலை செய்யிற என் பையனுக்கு ஃபோன் போட்டா, "வயசாச்சிம்மா, அப்படித்தான் இருக்கும்"ன்றான். மெடிக்கல்ல கேட்டு சத்து மாத்திரை வாங்கிக் குடுத்தேன். ஒண்ணும் கேக்கல. ராவெல்லாம் அவர் மூச்சு வருதான்னு பார்த்துக்கினே கெடந்தேன். வாடையும் இல்ல, காய்ச்சலும் இல்ல. ஆளு மட்டும் என் கண்ணு முன்னாடியே கரைஞ்சிக்கினு போறார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நம்ம கமிட்டி பெரியவர் தேவராஜ் ஐயா வூட்டுக்கே வந்துட்டார். "ரூபிம்மா, சபையில பேச்சு வருது. கொஞ்ச நாளைக்கு வேற ஆளை மணி அடிக்கச் சொல்லலாம்"னார். எங்க வூட்டுக்காரர் கட்டில்ல உக்காந்துக்கினு கேட்டுக்கினுதான் இருந்தார். கண்ணுல தண்ணி நின்னுச்சி.

"நாளைக்கு ஒரு நாள் அடிக்கட்டும் ஐயா"ன்னு கெஞ்சினேன். அவரும் சரின்னுட்டுப் போயிட்டார்.

மறுநாள் விடியக்காத்தால மண்டி போட்டேன். எனக்கு அழகா ஜெபம் பண்ணத் தெரியாது. "ஆண்டவரே, இவருக்கு இன்னான்னு எனக்குப் புரியல. புரிஞ்ச ஒரு ஆளை அனுப்பு. இன்னிக்கே அனுப்பு"ன்னு கேட்டேன். எந்திரிச்சிப் பார்த்தா கட்டில் காலி. மணி அடிக்கக் கிளம்பிட்டார்.

கொஞ்ச நேரத்துல மணிச் சத்தம் கேட்டுச்சி. ஒரு அடி. அப்புறம் சத்தமே இல்ல. ரொம்ப நேரம் கழிச்சி இன்னொரு அடி. திரும்பவும் சத்தமில்ல. முதல் மணி அப்படியா அடிப்பாங்க? கடகடன்னு விடாம அடிக்கணும். இப்படி விட்டு விட்டு அடிச்சா அது சாவு மணி.

பக்கத்து வூட்டு லில்லி தலைவிரி கோலமா ஓடியாந்து, "அக்கா, யாரு போயிட்டாங்க?"ன்றா. செருப்புகூட போடாம ஓடினேன். எனக்கு முன்னாடி பாதி ஜனம் ஓடுது. ஊர்த்தெருவுலேருந்தும் ஆளுங்க வராங்க. சாவுன்னா யாரு எவருன்னு பார்க்காம வருவாங்க இல்லையா, அப்படி வந்துட்டாங்க.

அவர் கயிறைப் புடிச்சிக்கினு நிக்கிறார். சொக்கா வேர்வையில நனைஞ்சி கீது. வலது கை கயித்துலேருந்து நழுவி நழுவி வுழுது. இடது கையால ஒரு இழு இழுக்கிறார், மூச்சு வாங்கறார், திரும்ப இழுக்கிறார். தேவராஜ் ஐயா கோவத்துல, "ஆசீர்வாதம், இன்னா மணி அடிக்கிற நீ?"ன்னு கத்திட்டார். இவர் எங்களைப் பார்த்து, "முதல் மணிதான் ஐயா"ன்னு குழறிச் சொன்னார். பாருங்க, அவர் மனசுல அது முதல் மணிதான். கைதான் வரல.

அந்தக் கூட்டத்துல நர்ஸம்மா இருந்தாங்க. புள்ளைங்களுக்கு ஊசி போட வூடு வூடா வருவாங்களே, அவங்க. அவங்க சாமி வேற, நம்ம கோயில் வாசலை அதுக்கு முன்னாடி மிதிச்சதில்ல. எந்த வூட்ல சாவுன்னு பார்க்கத்தான் வந்திருக்காங்க. நேரா அவர்கிட்ட போயி, ரெண்டு கையையும் நீட்டச் சொன்னாங்க. வலது கை கீழ எறங்குது. சிரிக்கச் சொன்னாங்க. வாய் ஒரு பக்கம் கோணிக்கிச்சி.

"இவரு எங்கனா வுழுந்தாரா? ஒரு மாசம், ரெண்டு மாசத்துக்கு முன்னாடி?"

"இல்லம்மா, எங்கயும் வுழல"ன்னேன்.

அவர் மெதுவா கையைத் தூக்கி நம்ம கோயில் படிக்கட்டைக் காட்டினார். "அங்க. மழையில. பாசி வழுக்கிச்சி. பின்மண்டையில அடி. சொன்னா கயிறை வாங்கிக்குவீங்கன்னு சொல்லல"ன்னார்.

தேவராஜ் ஐயா தலையைக் குனிஞ்சிக்கினார். நர்ஸம்மா என் பக்கம் திரும்பி, நெஞ்சு வலிக்கு மாத்திரை சாப்பிடுறாரான்னு கேட்டாங்க. ஆமாம்னேன். "அது ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற மாத்திரை. சின்ன அடியா இருந்தாலும் உள்ள ரத்தம் கசிஞ்சிக்கினே இருந்திருக்கும். நேரம் இல்ல"ன்னு சொல்லிக்கினே நூத்தியெட்டுக்கு ஃபோன் போட்டுட்டாங்க.

வண்டியில அவங்களும் ஏறிக்கினாங்க. செங்கல்பட்டு போற வழியெல்லாம் அவர் கண்ணு செருகுது. "பேச்சுக் குடுங்க"ன்றாங்க. இன்னாத்தைப் பேசறது? எங்க கல்யாணத்துல மாப்பிள்ளை வேட்டி அவுந்ததைச் சொன்னேன், என் மாமியா என்னைப் படுத்தினதைச் சொன்னேன். முதல்ல உம் கொட்டினார். அப்புறம் அதுவும் நின்னுபோச்சி. "யோவ், பதில் சொல்லுய்யா"ன்னு கன்னத்துல தட்டினேன். ஏசப்பா ஏசப்பான்னு மட்டும் வாய் சொல்லுது, வேற ஜெபம் வரல.

பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்தாங்க. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவுல ரத்தம் தேங்கி, மூளையை அமுக்குதாம். ஓட்டை போட்டு எடுக்கணும்னார் டாக்டர். "பொழைப்பாரா சார்?" "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா கஷ்டம்மா. இப்ப பார்க்கலாம்"னார். கைநாட்டு வச்சேன். உள்ள கொண்டுபோயிட்டாங்க.

வராண்டாவுல கீழ உக்காந்தேன். பையன் ஓடிவந்து பக்கத்துல உக்காந்து அழறான். தேவராஜ் ஐயா பஸ் புடிச்சி வந்துட்டார். "அவரைத் தப்பாப் பேசின வாயிம்மா இது"ன்னு சொல்லிட்டு, சுவத்துப் பக்கம் திரும்பி ஜெபம் பண்ணிக்கினே நின்னார். ஆபரேஷன் ரூம் கதவு தொறக்குறவரைக்கும் நான் அந்த இடத்தை விட்டு எந்திரிக்கல.

மறுநாள் கண்ணு முழிச்சார். தலையில பெரிய கட்டு. என்னைப் பார்த்தார். நாக்கு குழறாம, தெளிவா, "ரூபி, ரெண்டாம் மணி யாரு அடிச்சது?"ன்னார். வாயில முந்தானையை வச்சிக்கினு அழுதேன்.

"ரெண்டாம் மணி தேவை இல்லய்யா. உன் முதல் மணிக்கே எல்லாரும் வந்துட்டாங்க"ன்னேன்.

நான் ஒரு ஆளைக் கேட்டேன். ஆண்டவர் ஊரையே ஓடவச்சி, அதுல ஒரு ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தக் கை நழுவலன்னா முதல் மணி முதல் மணியாவே அடிச்சிருக்கும். நர்ஸம்மா அவங்க வூட்ல இட்லி ஊத்திக்கினு இருந்திருப்பாங்க. நான் இன்னிக்கி வெள்ளைப் பொடவையில நின்னிருப்பேன்.

இப்ப நம்ம படியில பாசி இல்ல, கைப்புடிக்குப் பைப்பு போட்டாச்சி. வர்றப்ப பார்த்திருப்பீங்க. அவர் திரும்ப வுழக்கூடாதுன்னு எங்க வூட்டுக் குளியல் ரூம்ல லைட்டு போட்டாச்சி. கண்ணுல பொறை எடுத்தாச்சி. அவரோட தேஞ்ச செருப்பை நானே அடுப்புல போட்டுட்டேன். மணிக்கயித்தை நீளமாக்கி, நாற்காலி போட்டுத் தந்திருக்காங்க. உக்காந்து அடிக்கிறார். கயிறை யாரும் வாங்கிக்கல.

ஜெபம் பண்ணுங்க. அழகா வரலன்னாலும் பண்ணுங்க, ஆண்டவர் கேக்குறார். பண்ணிட்டு, வூட்டுக்குப் போனதும் உங்க பெரியவங்க பக்கத்துல உக்காந்து, "எங்கனா வுழுந்தியா?"ன்னு திட்டாம கேளுங்க. இல்லன்னுதான் சொல்லுவாங்க. அவங்ககிட்டேருந்து எதையும் புடுங்க மாட்டேன்னு சொல்லிட்டு, இன்னொரு வாட்டி கேளுங்க.