காதுகுத்து ரேட்டில் ஒரு டாக்குமென்டரி

"சித்தப்பா, வாயத் தொடைங்க. எல வரைக்கும் வழியுது பாருங்க."

சித்தப்பா துடைக்க மாட்டார். அவர் போன தை மாதம் திருமானூர்ப் பந்தியில் பாயசம் குடித்தவர். இப்போது அரியலூரில், வினோதினியின் கம்ப்யூட்டருக்குள் குடித்துக்கொண்டிருக்கிறார். வினோதினி கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறார். பிறகு அவரே வாயோடு சேர்த்து அந்தக் காட்சியை வெட்டி, சித்தப்பாவின் மானத்தைக் காப்பாற்றுகிறார்.

ஸ்டுடியோக்காரர்கள் எடுத்து வரும் கல்யாண வீடியோக்களை வீட்டு முன்னறையில் உட்கார்ந்து எடிட் செய்வது அவர் தொழில். யார் வீட்டு மாமா சாப்பிடாமல் எழுந்து போனார், எந்த நாத்தனார் போட்டோவுக்கு மட்டும் சிரித்தார், எல்லாம் அவருக்குத் தெரியும். இரண்டு மாவட்டத்துப் பந்திச் சண்டைகள் அவர் கையால் காணாமல் போயிருக்கின்றன. ஜெயங்கொண்டம் பஸ்ஸில் யாரையாவது பார்த்தால், "மூட்டுவலி தேவலாமா அத்தை?" என்று நாக்கு நுனி வரை வந்துவிடும். அத்தைக்கோ இவர் யாரென்றே தெரியாது. வினோதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

தொழிலில் அவருக்கு ஒரே சட்டம்தான். "வந்தவங்க மூஞ்சி ஒண்ணுகூட வுட்டுப்போவக் கூடாது."

அந்தச் சட்டத்துக்குச் சோதனையாக வந்து சேர்ந்தார் பரணிதரன். பெரம்பலூரில் தனியார் கல்லூரி வாத்தியார். கொட்டகையில் சின்ன வெங்காயத்தின் தாளும் வேரும் அரியும் பெண்களைப் பற்றி டாக்குமென்டரி எடுத்திருந்தார். கேமரா இரவல், மைக் இரவல். எடிட்டர் மட்டும் இரவலாகக் கிடைக்கவில்லை. சென்னையில் ஒருவர் பட்ஜெட்டைக் கேட்டதும் சிக்னல் சரியில்லை என்றார். திருச்சியில் ஒருவர் "நல்ல சப்ஜெக்ட்" என்று பாராட்டி டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்.

"எங்ககிட்ட இருக்கறதுலயே கொறஞ்ச ரேட்டு காதுகுத்துதான் தம்பி" என்றார் வினோதினி. "அதுலயே போட்டுக்கலாம். மொட்ட அடிக்கிற சீன் இல்லைல்ல?"

முதல் வடிவத்தில் வெங்காயக் குவியலின் மேல் ரோஜா இதழ்கள் பொழிந்தன. பின்னணியில் நாதஸ்வரம்.

"அக்கா, பூ வேணாம்க்கா."

"சரி, பூவ எடுத்துடுறேன். மேளம்?"

"அதுவும்தான்."

பூவும் மேளமும் போனதில் வினோதினிக்கு வருத்தமில்லை. இருசம்மாளிடம் வந்தபோதுதான் கை நின்றது. வெங்காயம் அரிகிற அந்தப் பெண், எங்கே கேமரா வைத்தாலும் நேராக அதைப் பார்த்து, அரிவாள்மனையை மறந்து, வாய் நிறையச் சிரித்தார்.

"இவங்கள மொத்தமா தூக்கிடுங்கக்கா. எல்லா ஷாட்லயும் கேமராவப் பாக்குறாங்க. நாம அங்க இல்லாத மாதிரி இருக்கணும்."

"நீங்கதான் எதுத்தாப்லயே குந்தியிருந்தீங்களே தம்பி! வந்தவங்கள ஏறெடுத்துப் பாக்காம இருந்தா அது மரியாதையா?"

"புரியுதுக்கா. ஆனா படம் கெட்டுப்போயிடும்."

அவர் சொல்வதும் நியாயம்தான்; படம் அவருடையது. வினோதினி ஒவ்வொரு துண்டாக வெட்டினார். ஒவ்வொரு வெட்டுக்கும், "கோவிச்சுக்காதீங்க பெரியம்மா" என்றார். ஆனால் சத்தம் கேமராவைப் பார்ப்பதில்லையே! சிரிப்பை மட்டும் பிரித்தெடுத்து, மூட்டையிலிருந்து வெங்காயம் கொட்டும் காட்சிக்கு அடியில் வைத்தார்.

"இந்த எடம் நல்லாருக்குக்கா" என்றார் பரணிதரன். யார் சிரிப்பு என்று அவர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

படத்தை முதலில் அந்தப் பெண்களுக்கே போட்டுக் காட்டினார்கள். வாலிகண்டபுரம் போகும் வழியில் ஒரு வெங்காயக் கொட்டகை. திரைக்கு வெள்ளை வேட்டி. தான் எடிட் செய்த கூட்டத்தை வினோதினி நேரில் பார்ப்பது அதுவே முதல் முறை. வழக்கம்போல அவரை யாருக்கும் தெரியவில்லை. ஸ்பீக்கர் பக்கத்தில் ஒதுங்கி நின்றார்.

இருசம்மாள் தலைக்குப் பூ வைத்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். திரையில் ஒவ்வொருத்தியும் வர வர ஒரே கூச்சல். பக்கத்திலிருந்த ஆண்டாயி மூன்று முறை வந்துவிட்டார்.

"ஏண்டி இருசம்மா, ஒன்னயக் காணுமே?"

"ஒன் மூஞ்சியே வேட்டி முழுக்க அடைச்சிக்கிச்சு. எனக்கு எங்க எடம்?" என்று இருசம்மாள் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. தலைப்பூவை ஒரு முறை தொட்டுக்கொண்டார்.

வினோதினி தரையைப் பார்த்தார்.

திரையில் மூட்டை கவிழ்ந்தது. வெங்காயம் சரசரவென்று கொட்டியது. அதற்குள்ளிருந்து கிளம்பியது அந்தச் சிரிப்பு.

"அடியே!" என்று ஆண்டாயி இருசம்மாளின் தொடையில் ஓங்கி அடித்தார். "இது ஒஞ் சிரிப்புடி!"

"நானா?" இருசம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்காமல், திரையில் கேட்ட அதே சிரிப்பைச் சிரித்தார்.

ஒதுங்கி நின்ற வினோதினி, யாரும் சொல்லாமலே, ஸ்பீக்கரில் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார்.