அடுத்த பெட்டியில் இருந்த புருஷன்

அண்ணே, அந்தப் பொய் உங்களுடையது. நான் அதை வாயால் சொன்னேன், அவ்வளவுதான். இத்தனை வருஷமாகப் பழியை மட்டும் என் தலையில் போட்டுவிட்டு நல்ல பிள்ளையாகத் திரிகிறீர்கள்.

அது சண்டைக் காலம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் எங்கேயோ இருந்தார். சாரலுக்காகக் குற்றாலத்தில் வீடு பிடித்து நாம் எல்லோரும் தங்கியிருந்தோம். புனலூரில் வாழ்க்கைப்பட்ட நம் அக்காவுக்கு ரொம்ப முடியவில்லை, என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்று காலையில் ஒரு ஆள் வந்து சொன்னான். சொன்ன கையோடு, அங்கேயும் சேதி சொல்லக் கடையத்துச் சித்தி வீட்டுக்குப் போய்விட்டான். நீங்கள் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் பூசி, அருவிக்குக் கிளம்பி நின்றீர்கள்.

“ஏட்டி, தலைக்கு எண்ணெய் வச்சாச்சு. இந்தக் கோலத்துல எப்படி வர? நீ முன்னால போ, நான் நாளைக்கு வாரேன்.”

“நான் தனியா ரயில் ஏறினதே இல்லியே.”

“அதுக்கென்ன? யார்ட்டயும் பேசாத. தனியா வாரேன்னு மட்டும் சொல்லிராத. எவனாவது கேட்டா, வீட்டுக்காரரு அடுத்த பெட்டியில இருக்காருன்னு சொல்லு. ஒரு பய வாலாட்ட மாட்டான்.”

“யாராவது போய்ப் பாத்தா?”

“எவன் பாக்கப் போறான்? வாசல்ல வண்டி நிக்குது, கிளம்பு.”

தென்காசியில் ஏறினேன். பெண்கள் பெட்டியில் நல்ல கூட்டம். அடுத்து வந்த செங்கோட்டை அப்போது திருவிதாங்கூர் ராஜ்யம். புகையிலை கடத்துகிறார்களா என்று சுங்கச் சவுக்கைக்காரர்கள் ஏறி மூட்டைகளைப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒருவன் என்னிடம் வந்து, “கூட ஆரு உண்டு?” என்றான்.

“வீட்டுக்காரரு அடுத்த பெட்டியில இருக்காரு.”

“பேரு?”

புருஷன் பேரை நம் வீட்டில் எந்தப் பெண் சொல்லியிருக்கிறாள்? எதிரே இருந்த ஒரு ஆச்சி எனக்காகப் பரிந்து வந்தாள்.

“அவ வாயால எப்படிச் சொல்லுவா? நீ சாமி பேரைக் காட்டு தாயி, நாங்க சொல்லுதோம். பெருமாளா? சிவனா? முருகனா?”

விட்டால் போதும் என்று கடைசிப் பேருக்குத் தலையாட்டினேன். அவள் சன்னல் வழியே போர்ட்டரைக் கூப்பிட்டுச் சொல்ல, அவன் பெட்டி பெட்டியாகக் கத்திக்கொண்டு ஓடினான். “முருகன் பேருள்ளவுக யாரு? உங்க வீட்டம்மா தேடுதா!”

மூன்று பேர் இறங்கி வந்தார்கள். ஒருத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இது நம்ம ஆளு இல்ல. அவ இம்புட்டு நேரம் பேசாம நிக்க மாட்டா” என்றார். பிளாட்பாரமே சிரித்தது.

சவுக்கைக்காரன் சிரிக்கவில்லை. வீட்டை விட்டு ஓடி வந்தவள் என்று முடிவு கட்டி என்னை இறக்கிவிட்டான். உண்மையை அப்புறம்தான் சொன்னேன். புருஷன் பட்டாளத்தில், அக்கா சாகக் கிடக்கிறாள், விடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். ஒரு பொய்க்குப் பிறகு எவன் நம்புவான்? ரயில் போய்விட்டது. நான் பெஞ்சில் உட்காருவதும் எழுந்து தண்டவாளத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். குற்றாலத்துக்கு ஆள் அனுப்பினார்கள்.

சாயங்காலம் வந்தீர்கள். அருவியில் குளித்துத் தலை காய்ந்திருந்தது. அத்தனை பேர் முன்னால் என்ன சொன்னீர்கள்? “படிச்சுப் படிச்சுச் சொன்னேன், பொம்பள தனியா போகாதன்னு. கேட்டாத்தானே!”

மறுநாள் புனலூர் போனோம். அக்காவுக்குப் பேச்சு நின்றுவிட்டிருந்தது. முந்தின நாள் பொழுது சாயும்வரை என் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்றார் அத்தான். என் கையைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். என்ன சொல்ல நினைத்தாளோ, அதைச் சொல்லாமலே போய்ச் சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊருக்குத் தனியாகப் போனேன். கேட்டவர்களிடம் தனியாகத்தான் போகிறேன் என்றே சொன்னேன். தனியாகப் போகிற பெண்களுக்கு நான் சொல்வதும் இதுதான். இல்லாத ஆம்பளையைத் துணைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். அவனைக் கொண்டுவந்து நிறுத்து என்பார்கள்.

நீங்கள் இன்னும் கல்யாண வீடுகளில் வெற்றிலை போட்டுக்கொண்டு இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைக்கிறீர்கள். உங்கள் கதையில் எண்ணெயும் இல்லை, அக்காவும் இல்லை.

வருகிற தை மாதம் உங்கள் பேத்தி கல்யாணம். நான் தனியாகத்தான் வருவேன். பந்தலில் எல்லோர் காதிலும் விழும்படி எனக்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பொய்யை எனக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? கூடப் பிறந்தவள் சாகக் கிடந்தபோது நீங்கள் எங்கே நின்றீர்கள்?