கேட்காமல் திறந்த கணினி

கறுப்புத் திரையின் மூலையில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டுத் துடிக்கிறது. அதன் முன்னால் எங்கள் கண்காணிப்பாளர் வலது கையை இடது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் ஒரு சிறிய அலுவலகம். நான் அங்கே ஒப்பந்தக் கணினி இயக்குநர். அவர் மேசையில் இருந்த பழைய லினக்ஸ் கணினியை அவரைத் தவிர யாரும் தொடுவதில்லை. பெயரும் கடவுச்சொல்லும் அடித்து, பிறகு ஓர் ஆணையும் அடித்தால்தான் முகப்புத் திரை வரும். அடிக்கும் கடவுச்சொல் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நிமிடம் தாமதித்தால் மறுபடி முதலிலிருந்து கேட்கும்.

பக்கவாதத்துக்குப் பிறகு, கை சரியாகிவிட்டது என்று சொல்லித்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார். நான்காவது முறையும் கடவுச்சொல் தப்பானபோது எனக்குப் புரிந்துவிட்டது. "யாருகிட்டயும் சொல்லிறாதம்மா. இன்னும் ஒன்றரை வருசந்தான் சர்வீசு" என்றார்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது, அவர் சொன்ன கடவுச்சொல்லை நானே அடித்து, கணினி திறக்கும்போது ஓடும் தொடக்கக் கோப்பில் சில வரிகள் சேர்த்தேன். அதன்பின் பொத்தானை அழுத்தினால் போதும், எதுவும் கேட்காமல் முகப்புத் திரை வந்து நிற்கும். மவுஸை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, ஒற்றை விரலால் எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தார். ஏழெட்டு மாதம் அப்படியே ஓடியது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி அந்தக் கணினியைப் போட்டார். "ஆபீஸ் ரெக்கார்டு இருக்க மிஷினு, பாஸ்வேர்டே கேக்கல? யாரு இப்படிப் பண்ணது?"

என் ஒப்பந்தம் அந்த மாதம்தான் முடிய இருந்தது. நான் வாய் திறக்கவில்லை.

"நான்தாங்க சார் போட்டேன்" என்றார் கண்காணிப்பாளர்.

"அப்ப என் முன்னாடியே பழையபடி மாத்துங்க."

பழக்கமோ, ரோசமோ, வலது கையைத்தான் விசைப்பலகையில் வைத்தார். விரல்கள் மடங்கிக் கிடந்தன. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "நான் போட்டது சார்" என்றேன். அதற்குள் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டார்கள்.

அவரை மருத்துவக் குழுவுக்கு அனுப்பினார்கள், ஓய்வு கொடுத்துவிட்டார்கள். என்னை ஓர் எச்சரிக்கையோடு விட்டு, ஒப்பந்தத்தை நீட்டித்து, அவர் கணினியையும் என்னிடமே கொடுத்தார்கள். இப்போது அந்த நாற்காலியில் நான்.

போன மாதம் கீரமங்கலத்தில் பஸ்ஸுக்கு நின்றவரைப் பார்த்தேன். அன்று உடனே பேசாமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"நீ அன்னிக்குப் பேசியிருக்கவே கூடாதும்மா" என்றார் சலிப்போடு. "நான்தான் போறேன்னு ஆயிருச்சுல்ல. ஒன்னையும் சேத்து அனுப்பியிருந்தா?"

தாமதமாகப் பேசியதற்காக இத்தனை நாள் நொந்துகொண்டிருந்தவள் நான். அவருக்கோ நான் பேசியதே குறை. பஸ் வந்ததும் அவர் பையை வாங்கி முதலில் ஏற்றி வைத்தேன்.