கடைசி இலக்கம்

எந்த எண்ணைக் கண்டாலும் மார்செலினுஸ் கட்டைவிரலால் முன்பகுதியை மறைத்துக்கொண்டு கடைசி இலக்கத்தை மட்டும் பார்ப்பார். பஸ் டிக்கெட்டில்கூட அப்படித்தான். இந்தோனேசியாவின் ஃப்ளோரெஸ் தீவில், மாவட்டச் சுகாதார அலுவலகத்தில், நிலையங்கள் அனுப்பும் குழந்தைகளின் எடைக் கணக்கை அப்படிச் சரிபார்ப்பதுதான் பதினெட்டு வருடமாக அவர் வேலை. குழந்தைகளை உண்மையாகவே எடை போட்டிருந்தால் கடைசி இலக்கம் பூஜ்யம் முதல் ஒன்பது வரை சிதறி வரும். சிதறாத சுகாதார நிலையத்தை நம்ப முடியாது என்று எழுதிவிடுவார்.

மலைமேல் இருந்த ஒரு நிலையத்தில் எல்லா எடையும் பூஜ்யத்திலோ ஐந்திலோ முடிந்தது. அங்கிருந்த செவிலி அப்போலோனியாவை வரவழைத்துக் கேட்டார். அந்தத் தீவில் மரியாதைக்கு ஆண்களை 'பாக்' என்றும் பெண்களை 'இபு' என்றும் அழைப்பார்கள்.

"தராசுல சின்னக் கோடெல்லாம் அழிஞ்சுபோச்சு, பாக். அரைக்கிலோ கோடுதான் தெரியுது."

"தராசுக்குத் தனியா மனு போடுங்க, இபு. எனக்கு எண்ணு சிதறணும். இன்னொரு வருஷம் இப்படி வந்தா நிலையத்தையே மூடிடுவாங்க."

"சிதறணும்னா, சோளம் வெதைக்கிற மாதிரியா, பாக்?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் பிறகு அவரால் மறக்க முடியவில்லை.

மறுமாதமே எண்கள் அழகாகச் சிதறின. அந்த நிலையத்தின் கணக்குக்கு மார்செலினுஸ் முழு மதிப்பெண் போட்டார். அளவு சரியாக இருக்கிற இடத்துக்குப் புதுத் தராசு எதற்கு என்று, அவர் போட்ட மதிப்பெண்ணைக் காட்டியே அப்போலோனியாவின் தராசு மனுவை மேலதிகாரிகள் தள்ளிவிட்டார்கள். மூன்று வருடம் அந்த மலையில் பிள்ளைகள் இளைத்தது யார் கண்ணிலும் படவில்லை.

மார்செலினுஸ் ஓய்வு பெற்ற பிறகு ஒரு கல்யாண வீட்டில் அப்போலோனியாவே அவரிடம் சொன்னார்: அந்தக் கடைசி இலக்கங்கள் எல்லாம் தாய்மாருடைய செல்போன் எண்களிலிருந்து எடுத்தவை.