மத்தியான நேரத்து நலம் விசாரிப்பு

மூக்கு நுனியில் கோபம் உள்ளவன் கம்பியில்லாத் தந்தி பழகக் கூடாது. நான் பழகினேன். பதுளை கடைவீதியில் எங்களுக்குப் புடவைக் கடை. கீழே வியாபாரம், மாடியில் என் பைத்தியம்: செம்புக் கம்பிச் சுருள்கள், சிவந்து எரியும் இரண்டு வால்வுகள், தட்டுவதற்கு ஒரு கட்டை, காதில் மாட்டிக் கேட்க ஒரு கருவி. "ஆகாயத்தோட பேசுனது போதும், கல்லாவுல வந்து உக்காருங்க" என்பாள் என் மனைவி. அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் மாடி ஏறிவிட்டால் எனக்கு இறங்க மனம் வராது.

நாங்கள் மூன்று பேர். நமுனுகுல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்த்துக்கொண்ட டீமேக்கர் ஒருவர். யுத்தத்திலிருந்து திரும்பிய ஒரு துரை, சீமைக்குப் போகும்போது தன் கருவியை அவரிடம் விட்டுப்போனாராம். எனக்கு இந்த நோயைத் தொற்றவைத்தவர் அவர்தான். மற்றவர் அப்புத்தளையில் பலசரக்குக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர். அவரை நாங்கள் நானா என்போம். மலை முகட்டில் நெட்டையான இரண்டு டர்பன்டைன் மரங்களுக்கு நடுவே ஏரியல் கம்பி கட்டியிருந்தார். இங்கே நாங்கள் தும்மினால் அங்கே அவருக்குக் கேட்கும். தந்தியின் புள்ளியும் கோடும் இங்கிலீஷ் எழுத்துக்குத்தான் உண்டு என்பதால், அந்த எழுத்தை வைத்தே தமிழைத் தட்டுவோம். சர்க்கார் அனுமதி எங்களிடம் இருந்தது. சம்பளம் கொடுக்கத்தான் ஆளில்லை.

வெயில் காலத்தில் எங்களைச் சீண்டுவார் கிடையாது. ஐப்பசி மழை பிடித்து, மண் சரிந்து, தந்திக் கம்பங்கள் சாய்ந்ததும் ஊரே எங்கள் மாடிப்படி ஏறும். எந்தப் பாதை அடைபட்டது, எந்தத் தோட்டத்துக்கு மருந்து வேண்டும் என்று நாங்கள்தான் ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கடத்துவோம். அந்த நாட்களில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைப்பானேன்? புடவை விற்று அப்படி ஒரு நிறைவு ஒருநாளும் கிடைத்ததில்லை.

மழைக்காலத்துக்கு நான் ஒரு சட்டம் போட்டிருந்தேன். தினமும் மத்தியானம் சிறிது நேரம் மூவரும் கருவியின் முன் உட்கார வேண்டும். அந்த நேரத்தில் ஆபத்துச் செய்தி மட்டும்தான். நலம் விசாரிப்பதெல்லாம் சாயங்காலம். சட்டம் மூவருக்கும் என்றாலும் குறி டீமேக்கர்தான். அவர் தங்கமான மனுஷன். ஆனால் வாசலில் நின்று ஊர் உலகமெல்லாம் விசாரித்து முடிக்காமல் உள்ளே வரமாட்டார். நேரில் அது அழகு. பேட்டரியில் ஓடும் பேச்சுக்கு ஆகுமா?

அந்த வருஷ மழையில் அவர் தொழிற்சாலைக்குள் தண்ணீர் புகுந்து இன்ஜின் நின்றுபோயிருந்தது. அவருடைய பேட்டரிகளுக்கு மின்சாரம் ஏற்றுவது அந்த இன்ஜின்தான். மிச்சம் இருந்ததைக் கஞ்சனைப் போலச் செலவழிக்கும்படி அவருக்குச் சொல்லிவைத்திருந்தேன்.

ஒரு மத்தியானம் அவருடைய தட்டல் கேட்டது. மெலிந்து, விட்டுவிட்டு வந்தது.

"மொதலாளி சொகமா. அக்காவுக்குக் காச்சல் எப்படி இருக்கு."

என் மனைவி அப்போது ஒரு வாரமாகக் காய்ச்சலில் கிடந்தாள். அதை விசாரிக்க இதுவா நேரம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விஷயத்தைச் சொல்லும் என்று தட்டினேன்.

"அக்கா கஞ்சி குடிச்சாங்களா."

"விஷயம்! விஷயம்!" கட்டை உடைந்துவிடும்போல அடித்தேன்.

அதற்குப் பிறகுதான் வந்தது. அவருடைய மனைவிக்கு முந்தின நாளிலிருந்து பிரசவ வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறது. மருத்துவிச்சி கைவிட்டுவிட்டாள். டாக்டர் வேண்டும். வருகிற வழி என்று தொடங்கினார், அதோடு ஓசை அடங்கிப்போனது. அழைத்து அழைத்துப் பார்த்தேன். இரைச்சல்தான் வந்தது. இந்தப் பாவி நலம் விசாரித்தே பெண்டாட்டியைக் கொன்றுவிட்டானே என்று வாய்விட்டுக் கத்தினேன்.

டாக்டரை அனுப்பிவிடலாம். ஆனால் எந்த வழியாக? அந்தத் தோட்டத்துக்குப் பாதை இரண்டு: ஒன்று ஆற்றுப் பாலம் வழியாக, மற்றது மேல்தோட்டம் வழியாக. தப்பான பாதையில் போனால் பாதி மலை ஏறித் திரும்ப வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அவ்வளவு நேரம் இருக்காது.

அப்போது நானாவின் தட்டல் கணீரென்று வந்தது. "நான் கேட்டேன். பாலம் போயிட்டு. மேல்தோட்டத்துப் பாதையால அனுப்புங்க." எனக்கு எட்டாமல் தேய்ந்துபோன கடைசி வார்த்தைகள் முகட்டில் இருந்தவருக்கு எட்டியிருந்தன. குடைகூட எடுக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். மேல்தோட்டம் வரைக்கும் குதிரையில், அப்புறம் நடந்து.

இரண்டு நாள் தகவல் இல்லை. காய்ச்சலோடு படுத்திருந்த என் மனைவி, நான் உள்ளே போகும்போதெல்லாம் முகத்தைப் பார்ப்பாள். தகவல் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு நான் வெளியே வந்துவிடுவேன். மூன்றாம் நாள் டாக்டர் சேறும் சகதியுமாகக் கடை வாசலில் வந்து நின்று, "ரெண்டு உயிரும் தப்பிச்சது. பொம்பளப் புள்ள" என்றார். நான் அழுதேன். கடையில் புடவை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் என்னமோ ஏதோ என்று பயந்துபோனார்கள்.

பேர் வைக்கும் நாளில் மூவரும் தோட்டத்தில் கூடினோம். காய்ச்சல் தேறி என் மனைவியும் வந்திருந்தாள். காற்றில் அத்தனை பேசியவர்கள் நேரில் பேச வெட்கப்பட்டுக்கொண்டு காப்பியை ஊதி ஊதிக் குடித்தோம். என் வாய் சும்மா இருக்குமா? குழந்தையோடு வந்த அந்தத் தாயிடம், "உன் வீட்டுக்காரரு அன்னிக்கி எங்க வீட்டு நலத்த விசாரிச்சே பேட்டரியத் தீத்துட்டாரும்மா. நல்லவேளை, நானா காதக் குடுத்து வச்சிருந்தாரு" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். டீமேக்கர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"அவர ஏசாதீங்கண்ணே. நான்தான் மொதல்ல அதக் கேக்கச் சொன்னேன். பொழைப்பேன்னு எனக்கு நம்பிக்கை இல்ல. அக்கா காச்சல்ல கெடக்குறாங்கன்னு இவரு சொல்லியிருந்தாரு. அது என்னாச்சுன்னு தெரியாமலே போயிரக் கூடாதுன்னு இருந்துச்சு." குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நீங்க பதிலே சொல்லலியாமே?"

பக்கத்தில் இருந்த என் மனைவி எழுந்து போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"குடிச்சேன் தாயி. அன்னிக்கி ரெண்டு வாய் கஞ்சி குடிச்சேன்" என்றாள்.